அடிக்கு முன்னால் வரும் சந்தேகம்

மன்னார்குடிப் பக்கம் ஒரு சிறுவர் இல்லத்தில் வேலை பார்க்கிறேன். அறக்கட்டளை நடத்தும் இல்லம், பையன்கள் மட்டும். ஏழாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை படிக்கிறவர்கள்தான் அதிகம். சமூகப்பணி படித்துவிட்டு ஆற்றுப்படுத்துநராக, அதாவது கவுன்சிலராகச் சேர்ந்தவன் நான். ஆனால் இந்த மாதிரி இடங்களில் வேலைக்கு எல்லை கிடையாது. வார்டன் ஊருக்குப் போனால் ராத்திரி நான்தான் அங்கே படுத்துக்கொள்ள வேண்டும். காய்ச்சல் என்றால் ஆஸ்பத்திரிக்கும், பெற்றோர் கூட்டம் என்றால் பள்ளிக்கூடத்துக்கும் நான்தான் போவேன்.

கல்யாண வீட்டிலோ பஸ்ஸிலோ என் வேலையைச் சொன்னதும் பெரும்பாலும் ஒரே கேள்விதான் வரும். "ஹோம் பசங்கன்னா ரொம்ப முரடா இருப்பாங்களாமே, அடிச்சுக்குவாங்களாமே?" அடித்துக்கொள்கிறார்கள், உண்மைதான். பல் உடைந்திருக்கிறது, ஜன்னல் கண்ணாடி உடைந்திருக்கிறது, என் மேலேயே தட்டு பறந்து வந்திருக்கிறது. ஆனால் முரட்டுப் பிள்ளைகள் என்று சொல்லி முடித்துவிட்டால் அதற்கப்புறம் செய்வதற்குப் பிரம்பு எடுப்பதைத் தவிர ஒன்றும் மிச்சமிருக்காது. நான் பார்த்த வரையில், இந்தப் பையன்களுக்குக் கை நீளுவதற்கு முன்னாலேயே மனசுக்குள் ஒரு தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது. எதிரே இருப்பவன் நமக்குக் கெடுதல் செய்யத்தான் வந்திருக்கிறான் என்கிற தீர்ப்பு. அதைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன். பையன்கள் யாரென்று தெரியக்கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். 2015 இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-வது பிரிவும் அடையாளத்தை வெளியிடக்கூடாது என்றுதான் சொல்கிறது.

சாயங்காலம் ஏழு மணி படிப்பு நேரம். கூடத்தில் பாய் விரித்து எதிரும் புதிருமாக உட்கார்ந்திருப்பார்கள். ஒருநாள் ஒரு பையன் பாத்ரூம் போக எழுந்தபோது கால் பட்டு எவர்சில்வர் டம்ளர் சாய்ந்தது. பக்கத்தில் இருந்தவனின் அறிவியல் ரெக்கார்டு நோட்டில் தண்ணீர் கொட்டிவிட்டது. நோட்டுக்காரனுக்குப் பதினாலு வயசு. நோட்டை எடுத்து உதறக்கூட இல்லை. ஒரே எம்பு எம்பி, எழுந்தவன் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு சாத்திவிட்டான். இரண்டு பேர் இழுத்தும் விரலைப் பிரிக்க முடியவில்லை.

மூச்சு அடங்கின பிறகு வராந்தாவில் உட்கார வைத்துக் கேட்டேன்.

"வேணும்னே தட்டுனான் சார்."

"வேணும்னுதான்னு எப்படிடா தெரியும்?"

"தட்டிட்டுத் திரும்பிப் பாத்தான் சார். பாத்துச் சிரிச்சான்."

அடி வாங்கினவனைத் தனியாகக் கேட்டேன். "டம்ளர் விழுந்த சத்தம் கேட்டுச்சு சார், அதான் திரும்புனேன்." சிரித்தாயா என்றேன். "தெரியல சார். பயத்துல சிரிச்சிருப்பேன்."

இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. இரண்டு பேரும் தாங்கள் கண்டதைத்தான் சொன்னார்கள்.

கென்னத் டாட்ஜ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1980-இல் பள்ளிச் சிறுவர்களை வைத்து ஒரு ஆய்வு செய்தார். ஒவ்வொருவனிடமும் ஒரு புதிர்ப்படத்தைச் சேர்க்கக் கொடுத்தார். பாதியில், இன்னொரு பையன் அதைக் கலைத்துவிட்டதாகத் தெரியப்படுத்தினார். வேண்டுமென்றே கலைத்தான் என்று தெளிவாகத் தெரிந்தபோது எல்லாப் பையன்களும் கோபப்பட்டார்கள். உதவி செய்யப் போய்த்தான் கலைந்தது என்று தெரிந்தபோது எல்லாருமே பொறுத்துக்கொண்டார்கள். வேண்டுமென்றா, தெரியாமலா என்று புரியாதபடி வைத்தபோதுதான் வித்தியாசம் வந்தது. சண்டைக்காரன் என்று ஏற்கெனவே பெயர் எடுத்த பையன்கள், அதையும் வேண்டுமென்றே செய்தது போலவே எடுத்துக்கொண்டார்கள். எங்கள் கூடத்தில் நடக்கும் சண்டைகளில் பெரும்பகுதி இந்த மூன்றாவது வகைதான். இடித்துவிட்டுப் போன தோள், கூப்பிட்டும் திரும்பாத முதுகு, கிசுகிசுப்பான பேச்சுக்கு நடுவே ஒரு சிரிப்பு. எப்படி வேண்டுமானாலும் அர்த்தம் பண்ணிக்கொள்ளலாம் என்கிற விஷயங்கள்.

அந்த நோட்டுக்காரன் எங்கிருந்து வந்தான் என்று சொன்னால்தான் இது விளங்கும். டெல்டாவில் சம்பா அறுவடை முடிந்து தை, மாசியில் வயல் காய்ந்ததும் ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கமிருந்து கீதாரிகள் ஆட்டு மந்தைகளை ஓட்டிக்கொண்டு வருவார்கள். வயலில் ராத்திரி கிடை போட்டால், அதாவது மந்தையைத் தங்க வைத்தால், புழுக்கை உரமாகும். வயல்காரர் அதற்குக் கூலி கொடுப்பார். மேட்டூர் திறந்து ஆற்றில் தண்ணீர் வரும்வரை இது நடக்கும். காலங்காலமாக இருக்கிற நல்ல ஏற்பாடு. அதில் சிலர் மட்டும், மந்தை மேய்க்கச் சின்னப் பையன்களை முன்பணம் கொடுத்து வாங்கிக்கொள்கிறார்கள். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யத்துக்கு அருகே கரை கடந்தபோது பட்டுக்கோட்டை, பேராவூரணி, முத்துப்பேட்டை வரை தென்னந்தோப்புகளை வேரோடு சாய்த்துப் போட்டது. தோப்பு வேலையை நம்பியிருந்த கூலிக் குடும்பங்கள் கடன்பட்டன. ஆடு மேய்க்க அடகு வைக்கப்பட்ட பிள்ளைகளை மீட்ட செய்திகள் அடுத்த வருடங்களில் தஞ்சாவூர் மாவட்டத்திலிருந்து வந்தன. கொத்தடிமை முறையை 1976-லேயே சட்டம் போட்டு ஒழித்தாயிற்று.

இவனும் அப்படி மீட்கப்பட்டவன்தான். பகலில் மேய்ச்சல், ராத்திரி கிடைக்குக் காவல். நரி வரும், நாய் வரும், ஆடு திருடுகிறவன் வருவான். ஒரு குட்டி காணாமல் போனாலும் அடி இவனுக்கு. தூங்கும்போதும் ஒரு காது விழித்திருக்க வேண்டும்; சத்தம் கேட்டால் என்ன ஏதென்று யோசிக்காமல் எழுந்து பாய வேண்டும். யோசித்துக்கொண்டு நின்ற ராத்திரிகளில் உதை வாங்கியிருக்கிறான். ஆக, அந்தப் பழக்கம்தான் அவனை அங்கே உயிரோடு வைத்திருந்தது. அதை விட்டுவிடு என்று நான் சொன்னால் அவன் எதை நம்பி விடுவான்?

எல்லாரும் கிடையிலிருந்து வந்தவர்கள் இல்லை. அப்பா அம்மாவை அடிப்பதைப் பார்த்து வளர்ந்தவன், பாட்டி இறந்ததும் சித்தப்பா கொண்டுவந்து விட்டுப் போனவன், ரயில்வே பிளாட்பாரத்தில் மீட்கப்பட்டவன், இதற்கு முன் வேறு இல்லங்களில் இருந்து மாற்றி மாற்றி அனுப்பப்பட்டவன். கதைகள் வேறு வேறு. பெரிய மனிதர்கள் சொல்வது நடக்காது என்பது மட்டும் எல்லாருக்கும் நன்றாகத் தெரிந்திருக்கிறது. அதைச் சொந்த அனுபவத்தில் கற்றுக்கொண்டவர்கள் இவர்கள்.

ஒருவருடைய மூர்க்கத்தை அளக்க, ஆர்னால்ட் பஸ், மார்க் பெர்ரி என்ற உளவியலாளர்கள் இருவரும் 1992-இல் வெளியிட்ட வினாப்பட்டியல் ஒன்று உண்டு. 29 வாக்கியங்கள். கை ஓங்குவது, வாயால் சண்டை போடுவது, உள்ளுக்குள் கோபம் கொதிப்பது, மற்றவர்கள் மேல் பகையும் சந்தேகமும் வைத்திருப்பது என்று நான்கு பகுதி. உலகம் முழுக்க ஆராய்ச்சிக்குப் பயன்படுத்துகிறார்கள். நான் மதிப்பெண் போடுவதற்கு வைத்துக்கொள்வதில்லை. பேச்சைத் தொடங்கச் சில வாக்கியங்களை மட்டும் நம் பேச்சில் மாற்றிக் கேட்பேன். கை ஓங்குவது பற்றிக் கேட்டால் பையன்கள் உஷாராகிவிடுவார்கள், "இல்ல சார், நான் யாரையும் அடிக்க மாட்டேன்" என்பார்கள். கடைசிப் பகுதியில்தான் வாய் திறக்கும். ஒருவர் வழக்கத்தைவிட அன்பாக நடந்துகொண்டால் இவருக்கு நம்மிடம் என்ன வேண்டும் என்று தோன்றுமா என்கிற மாதிரி ஒரு கேள்வி அதில் வரும். ஒரு பன்னிரண்டு வயசுப் பையன் அதற்குச் சொன்ன பதில்: "ஆமா சார். நீங்க மொத நாள் எனக்கு பஜ்ஜி வாங்கிக் குடுத்தீங்கல்ல, அன்னிக்கு ராத்திரி நான் தூங்கவே இல்ல."

வீட்டில் வளர்ந்த பிள்ளைக்குப் பஜ்ஜி என்பது பஜ்ஜி. இவனுக்கு அது எதற்கோ கொடுத்த முன்பணம்.

இதைச் சரிபண்ணுவது பற்றிப் பேசுமுன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இவர்களுடைய சந்தேகம் எப்போதும் தப்பாக இருப்பதில்லை. பள்ளிக்கூடத்தில் ஜாமெட்ரி பாக்ஸ் காணாமல் போனால் முதலில் சோதனை போடுவது ஹோம் பசங்க பையைத்தான். ஒருமுறை ஒரு வகுப்பில் பணம் காணவில்லை என்று, எங்கள் பையன்கள் மூன்று பேரையும் வாத்தியார் எழுப்பி நிற்கவைத்துப் பையைக் கொட்டச் சொல்லியிருக்கிறார். பணம் அப்புறம் அந்த வாத்தியாரின் மேஜை டிராயரிலேயே இருந்தது. யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் மூன்று பேரில் ஒருவன் கழிவறைக் கதவை உதைத்து உடைத்தான். அவனிடம் போய், உன்னை யாரும் தப்பாக நினைக்கவில்லை, நீயாகக் கற்பனை பண்ணிக்கொள்கிறாய் என்று சொன்னால் அது பொய். அதைச் சொல்கிற ஆற்றுப்படுத்துநரை அவன் அதற்கப்புறம் ஏன் மதிக்க வேண்டும்? மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போய்த் தலைமையாசிரியரிடம் பேசினேன். பேசப்போகிறேன் என்பதைப் பையன்களிடம் முதலிலேயே சொன்னேன், பேசி என்ன ஆயிற்று என்பதையும் திரும்பி வந்து சொன்னேன். கதவுக்குத் தச்சர் வந்தபோது அவன் கூட நின்று பலகை பிடித்துக் கொடுத்தான்.

சண்டைக்கு நாள் கிழமை உண்டு. மாதத்தில் இரண்டாவது ஞாயிறு பார்வையாளர் நாள். அன்றைக்குச் சாயங்காலமும் திங்களன்றும்தான் அதிகம் அடித்துக்கொள்வார்கள். அம்மா வந்துபோனவனும் அடிப்பான், வராதவனும் அடிப்பான். ஒரு பையனின் அம்மா திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. சனிக்கிழமை ஷிப்டு முடித்து, ராத்திரி செம்மொழி எக்ஸ்பிரஸ் பிடித்தால் ஞாயிறு காலையில் மன்னார்குடி வந்துவிடலாம். சில மாதம் வருவார். சில மாதம் சம்பளம் வந்திருக்காது, ஓவர்டைம் போட்டிருப்பார்கள், உடம்பு முடியாமல் இருக்கும். பையன் காலையிலேயே குளித்து, எண்ணெய் வைத்துத் தலை வாரி, இஸ்திரி போட்டது போலத் தலையணைக்கடியில் வைத்து மடித்த சட்டையைப் போட்டுக்கொண்டு கேட் பக்கத்துத் திண்ணையில் உட்கார்ந்துவிடுவான். ரயில் வந்த நேரம் தெரியும், அங்கிருந்து டவுன் பஸ் வருகிற நேரமும் தெரியும். ஒவ்வொரு பஸ்ஸாக நின்று போகும். மதியம் கறிக்குழம்பு என்றாலும் உள்ளே வரமாட்டான். நாலு மணிக்கு மேல் அவன் பக்கத்தில் எந்தப் பையன் போய் "வரலையாடா?" என்று கேட்டாலும் அடி நிச்சயம். கேட்டவன் கேலி செய்தானா, அக்கறையாகக் கேட்டானா என்பது அந்த நேரத்தில் அவன் காதில் ஏறாது.

இதற்கு நாங்கள் செய்தது சின்ன வேலைதான். வியாழக்கிழமையே எல்லா வீட்டுக்கும் போன் போட்டு வருகிறீர்களா என்று கேட்பது. உறுதியாகச் சொல்ல முடியாதவர்களை, 'முயற்சி பண்றேன்' என்று சொல்ல வேண்டாம், இந்த மாதம் இல்லை என்றே சொல்லுங்கள் என்று கேட்டுக்கொள்வது. வெள்ளிக்கிழமை ராத்திரி ஒவ்வொருவனையும் தனியாகக் கூப்பிட்டு, அம்மா வருகிறார் அல்லது வரவில்லை, வராததற்குக் காரணம் இது என்று சொல்லிவிடுவது. வரவில்லை என்று கேட்டதும் அழுவார்கள். சிலர் சாப்பிட மாட்டார்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொரு பஸ்ஸாகத் தோற்றுப்போக வேண்டியதில்லை. அன்று கிரிக்கெட் ஆடப் போவான். இது ஆரம்பித்த பிறகு பார்வையாளர் நாள் சண்டை நின்றுவிடவில்லை, வெகுவாகக் குறைந்தது. ஏமாற்றத்தைத் தாங்க இவர்களுக்குத் தெரியும். எது நடக்கும் என்று தெரியாமல் காத்திருப்பதைத்தான் தாங்க முடிவதில்லை.

அடுத்தது டிரங்குப் பெட்டி. பூட்டும் சாவியுமாக ஆளுக்கொரு தகரப்பெட்டி. சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொள்வார்கள். முன்பெல்லாம் சோப்பு, தேங்காய் எண்ணெய், ஜட்டி எல்லாம் பொது அலமாரியில் இருக்கும். தினமும் எவனாவது எவன் மேலாவது பழி போட்டுச் சண்டை. பெட்டி வந்தபின் நான் கவனித்தது, அவர்கள் அதில் வைக்கிற பொருள்கள். கிழிந்த பஸ் டிக்கெட், செத்துப்போன செல்போனின் பேட்டரி, அக்கா கல்யாணப் பத்திரிகை. எங்களில் யாரும் பையன் இல்லாதபோது அந்தப் பெட்டியைத் திறப்பதில்லை. சோதனை செய்தே ஆக வேண்டும் என்றால் அவன் முன்னால், அவனே திறந்து காட்ட வேண்டும்.

சாப்பாட்டில் எங்கள் சமையல் அம்மாவிடம் நான் கற்றுக்கொண்டது நிறைய. வலங்கைமான் பக்கத்துக்காரர். கிரிக்கெட் மேட்சோ ஸ்பெஷல் கிளாஸோ முடிந்து ஒரு பையன் எத்தனை மணிக்கு வந்தாலும் அவனுக்கான சோறு மூடி வைத்திருக்கும். சும்மா வைப்பதில்லை, மதியமே அவனைக் கூப்பிட்டு, "ராசா, நீ வர்ற வரைக்கும் ஒந்தட்டு இங்கதான் இருக்கும், யாரும் தொடமாட்டாங்க" என்று இடத்தைக் காட்டிவிட்டுத்தான் அனுப்புவார். முட்டை போடுகிற நாளில் பெரிய பையன்கள் முந்திக்கொண்டு வந்தாலும் எண்ணி வைத்த முட்டை சின்னவனுக்குக் குறையாது. வரிசையில் இடித்துக்கொள்வது அவர் கரண்டி பிடிக்கிற நேரத்தில் நடப்பதில்லை. அவர் லீவு எடுத்து வேறு ஆள் வந்தால் நடக்கிறது. அவர் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை.

இதுவரை சொன்னது பயத்தில் அடிக்கிறவர்களைப் பற்றி. வேறு வகையும் உண்டு, அதை மறைத்துவிட்டு எழுதுவது சின்னப் பையன்களுக்குச் செய்யும் துரோகம். நிதானமாக, கோபமே இல்லாமல் அடிக்கிற பெரிய பையன்கள். சின்னவனைத் துணி துவைக்க வைப்பது, அவன் பிஸ்கட்டைப் பிடுங்குவது, சொன்னபடி கேட்காவிட்டால் போர்வையைப் போட்டு மூடி நாலு பேர் மொத்துவது. ராத்திரி பத்தரைக்கு மேல், வார்டன் கண் அசரும் நேரம் பார்த்து நடக்கும். இவர்களுக்கு அடி ஒரு வேலைக்கருவி. அது பலன் கொடுக்கிறவரை விடமாட்டார்கள். இங்கே கனிவாகப் பேசுவதால் மட்டும் ஒன்றும் ஆகாது. வயசுவாரியாகத் தனித்தனிக் கூடம், ராத்திரி விழித்திருக்கும் ஆள், குழந்தைகள் குழுவின் கூட்டம், புகார்ப்பெட்டி எல்லாம் விதிகளிலேயே இருக்கின்றன. புகார்ப்பெட்டியின் சாவி யாரிடம் இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் அதில் சீட்டு விழும். எங்கள் இல்லத்தில் அது ஊழியர் யாரிடமும் இல்லை, வெளியிலிருந்து வரும் மேலாண்மைக் குழு உறுப்பினர் ஒருவரிடம் இருக்கிறது. சாவி கை மாறிய பிறகுதான் போர்வை அடி பற்றி முதல் சீட்டே வந்தது. எழுத்துப் பிழையோடு, பெயர் போடாமல்.

அப்படி அடிக்கிற பெரியவனும் ஒருகாலத்தில் போர்வைக்குள் கிடந்தவன்தான், பெரும்பாலும். அதற்காக அவனை விட்டுவிட முடியாது. படுக்கையை மாற்றுவோம், சின்னவர்கள் கூடத்துக்கு அவன் போகக்கூடாது என்போம், பறித்ததைத் திருப்பிக் கொடுக்க வைப்போம். என்ன செய்யப்போகிறோம் என்று சொன்னோமோ அதை மட்டும்தான் செய்வோம். கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

பிரம்பைப் பற்றி. இல்லத்தில் இருக்கிற பிள்ளையை ஒழுங்குபடுத்துவதற்காக உடலை வருத்தித் தண்டித்தால் அதே இளைஞர் நீதிச் சட்டத்தின் 82-வது பிரிவின்படி முதல் முறை 10,000 ரூபாய் அபராதம், மறுபடி செய்தால் 3 மாதம் வரை சிறை. சட்டம் இருக்கட்டும். பெரியவர்கள் எல்லாரும் ஒருநாள் அடிப்பார்கள் என்று நம்பிக்கொண்டிருப்பவனை நாமும் அடித்தால், அவன் நினைத்தது சரி என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததாக ஆகிறது. இன்னும் சிலர் எதிர்ப்பக்கம் போய், கோபத்தை வெளியே கொட்டிவிட்டால் தீர்ந்துவிடும், தலையணையைக் குத்தச் சொல்லுங்கள் என்பார்கள். ஒரு பயிற்சி வகுப்பில் எங்களுக்கே அப்படிச் சொல்லிக் கொடுத்தார்கள். பிராட் புஷ்மன் என்ற உளவியலாளர் 2002-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நேர்மாறாகக் காட்டுகிறது: தன்னைக் கோபப்படுத்தினவனை நினைத்துக்கொண்டே மூட்டையைக் குத்தினவர்களுக்கு, சும்மா உட்கார்ந்திருந்தவர்களைவிடக் கோபம் அதிகமாகத்தான் இருந்தது. நானும் பார்த்திருக்கிறேன். தலையணை பிய்ந்து பஞ்சு பறக்கும், கோபம் அப்படியே இருக்கும். ஆனால் கபடி உதவுகிறது. கோடு இருக்கிறது, நடுவர் இருக்கிறார், எவன் எங்கே தொடுவான் என்று முன்கூட்டியே தெரியும், விசில் ஊதினால் பிடியை விட வேண்டும். ஒருவன் மேல் ஏழு பேர் விழுந்தும் எழுந்து கை கொடுக்கிற ஆட்டம் அது. முதல் மாதம் எங்கள் கிடைப் பையன் பிடியை விடவே மாட்டான். விசில் காதில் விழவில்லை என்பான். இப்போது நன்றாகவே விழுகிறது.

கோபம் எப்போதும் அடுத்தவன் மேல் போவதில்லை. முழுக்கைச் சட்டையைக் கழற்றவே மாட்டான் என்று ஒரு பையன் இருந்தால், நான் முதலில் பார்ப்பது முன்கையில் பிளேடு கீறல் இருக்கிறதா என்று. இதை இல்லத்துக்குள்ளேயே வைத்துக்கொள்ளக் கூடாது. மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் அரசு மருத்துவமனையில் பார்க்கிறார்; ராத்திரி நேரத்தில் அரசின் மனநல உதவித் தொலைபேசி டெலிமானஸ், எண் 14416 இருக்கிறது. அம்மா அப்பாவோடு இருக்கிற பிள்ளைகளுக்கும் இதே எண்தான்.

பதினேழரை வயசு வந்ததும் ஒருவித மூர்க்கம் வரும். நன்றாக இருந்த பையன், ப்ளஸ் டூ பரீட்சை நெருங்குகிற நேரத்தில் டியூப்லைட்டை உடைப்பான், சமையல் அம்மாவையே எடுத்தெறிந்து பேசுவான். பதினெட்டு முடிந்தால் இங்கே இருக்க முடியாது என்று அவனுக்குத் தெரியும். எங்கே போவது என்று தெரியாது. போகச் சொல்லுமுன் தானே சண்டை போட்டுக்கொண்டு போய்விட்டால் மானமாவது மிஞ்சும் என்று ஒருவன் என்னிடமே சொன்னான். சட்டத்தின் 46-வது பிரிவில் 21 வயசு வரை பின்கவனிப்புக்கு, அதாவது இல்லத்தை விட்டுப் போன பிறகும் உதவி கிடைப்பதற்கு, வழி இருக்கிறது. அதைப் பதினெட்டாவது பிறந்தநாளுக்கு முந்தின வாரம் சொல்லிப் பிரயோஜனம் இல்லை. பதினாறிலேயே, ஐ.டி.ஐ-யா, கல்லூரியா, எந்த ஊர், தங்குவது எங்கே, யார் போன் எடுப்பார்கள் என்று அவனோடு உட்கார்ந்து எழுதத் தொடங்க வேண்டும். தாளில் அவன் கையெழுத்திலேயே இருக்க வேண்டும்.

இவ்வளவும் எழுதினதால் இல்லம்தான் நல்ல இடம் என்று நான் நினைப்பதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். வேறு வழியே இல்லாதபோதுதான் ஒரு பிள்ளையை நிறுவனத்தில் வைக்க வேண்டும் என்பது அந்தச் சட்டத்தின் அடிப்படைக் கொள்கைகளில் ஒன்று. எங்கள் பையன்களில் பலருக்கு அம்மா உயிரோடு இருக்கிறார். வறுமைதான் பிரித்து வைத்திருக்கிறது. மிஷன் வாத்சல்யா திட்டத்தில், பிள்ளையை வீட்டிலேயே வைத்து வளர்க்க மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்க வேண்டும். உங்கள் தெருவில் புருஷனை இழந்த அம்மா யாராவது, பிள்ளையை ஹோமில் விடலாமா என்று கேட்டால் முதலில் இதைச் சொல்லுங்கள். ஆடு மேய்க்கவோ வாத்து மேய்க்கவோ பள்ளிக்கூட நாளில் ஒரு பையன் வரப்பில் நிற்பதைப் பார்த்தால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குக் கூப்பிடுங்கள்.

பிறந்தநாள், திதி என்று எங்கள் இல்லத்துக்குச் சாப்பாடு கொண்டுவருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் வருவதில் எங்களுக்குச் சந்தோஷம்தான். வாருங்கள், பையன்களோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள், வாலிபால் ஆடுங்கள். அப்பா எங்கே, அம்மா என்ன ஆனார் என்று மட்டும் கேட்காதீர்கள். நீங்கள் காரில் ஏறின பிறகு அந்தக் கேள்வி யாருடைய மூக்கிலாவது வந்து விழும். போட்டோ எடுத்து ஃபேஸ்புக்கில் போடாதீர்கள். இன்னொன்று, கிளம்பும்போது கன்னத்தைத் தட்டி, "அடுத்த மாசமும் மாமா வர்றேன், உனக்கு ஷூ வாங்கிட்டு வர்றேன்" என்று பையனிடம் சொல்ல வேண்டாம். வருகிற எண்ணம் இருந்தால் தேதியையும் ஷூ அளவையும் ஆபீஸில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். முந்தின நாள் ஒரு போன் பண்ணுங்கள். நீங்கள் வருவது உறுதி என்றால் அன்று ராத்திரி சாப்பாட்டின்போது நானே அவனிடம் சொல்லிக்கொள்கிறேன்.